மியூவானும் அசனச் சோறும்

எப்சி ஜெனீவாவிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்தது தம்பி கல்யாணத்துக்கு. அவள் வந்து இறங்குவதற்குள் அப்பா தானியேல், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், சபை முழுக்கத் தண்டோரா போட்டிருந்தார்: "எம் மக கடவுள் துகள்ல ஒரு கோளாறு கண்டுபிடிச்சிட்டா!"

கோயில் வாசலில் பிளக்ஸ் நின்றது. அதில் எப்சியின் பாஸ்போர்ட் படம், தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடும் பொது விருந்தான அசனத்தன்று, ஆராதனை முடிந்ததும் அவள் பேச வேண்டும். பேசிய பிறகுதான் சோறு.

கோளாறு என்று தானியேல் சொன்னது வெறும் சந்தேகம்தான். புரோட்டான்களை மோதவிட்டு, அதில் பிறக்கும் ஹிக்ஸ் துகள், அதாவது அப்பா சொல்லும் கடவுள் துகள், மற்ற துகள்களோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று அளப்பது எப்சியின் வேலை. எடை கூடக்கூட ஒட்டுதலும் கூடும் என்பது கோட்பாடு. எலக்ட்ரானின் கொழுத்த அக்காவான மியூவானோடு மட்டும் அது கணக்குக்கு மீறி ஒட்டுவதாகப் பழைய தரவு காட்டியது. புதிய தரவும் அப்படியே காட்டினால் பாடப்புத்தகத்தைத் திருத்த வேண்டும். நோபல் பரிசு வாங்க ஸ்டாக்ஹோமுக்கு எந்தச் சேலை கட்டுவது என்றுகூட எப்சி மனசுக்குள் முடிவு செய்திருந்தாள்.

அசனத்தன்று பிரசங்கம் நீண்டுகொண்டிருந்தபோது அவள் போன் அதிர்ந்தது. கூட வேலை பார்க்கும் பார்கவி எழுதியிருந்தாள்: "மூடி வச்ச புதுத் தரவைத் திறந்தாச்சு. கோட்பாடு சொன்ன அளவேதான். சாரிடீ."

எப்சி அப்பாவைச் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தாள்.

"அப்பா, எல்லாம் போச்சு. கோளாறே இல்ல."

"ஏளா, பைய பேசு. இருக்குன்னே சொல்லிரு. இங்கன எவனுக்கு மியூவானத் தெரியும்?"

"நீங்க கணக்கு வாத்தியாராப்பா?"

"ரிட்டயர் ஆயிட்டேம்லா."

மைக் முன்னால் நின்றபோது அப்பா சொன்னபடி செய்துவிடலாமா என்று அவளுக்கும் தோன்றியது. கறிக்குழம்பு வாசம் ஆளைத் தூக்கியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "பாடப்புத்தகக் கணக்குல தப்பு இருக்குன்னு நெனச்சோம். இல்ல. அதுதான் சரி. நாங்கதான் தப்பு," என்றாள்.

சபை முழித்தது. பாடகர் வரிசையிலிருந்து சாரம்மாள் கை தூக்கினாள்.

"எடை கூடுனா ஒட்டுதலும் கூடும்னு ஒங்கப்பா சொன்னாரே, அது நெசந்தானா?"

"நெசந்தான் பெரியம்மா."

"அதான் எங்க வீட்டுக்காரரு சோபாவ விட்டு எந்திரிக்கவே மாட்டேங்காரு!"

சிரிப்பில் ஓடு பறந்தது. போதகர் பாய்ந்து மைக்கைப் பிடுங்கினார். "தேவன் போட்ட கணக்கு தப்பாதுன்னு அறிவியலே சொல்லிட்டு!"

"ஐயா, நான் அப்படிச் சொல்லல..."

அதை 'ஆமென்' விழுங்கிவிட்டது.

பந்தியில் முதல் வாய்ச் சோற்றை விழுங்கும்போதுதான் எப்சிக்கு அழுகை வந்தது. வருஷக்கணக்கான வேலை. பரிமாறிக்கொண்டு வந்த சாரம்மாள் பார்த்துவிட்டாள்.

"காரமா இருக்கோ?"

"ஆமா பெரியம்மா."

"அப்ப இன்னும் ரெண்டு துண்டு வச்சுக்க."

எப்சி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கறியைக் கடித்தாள். இடக்கையால், மியூவானை விட்டு வேறொரு துகளுக்குத் தாவி, பார்கவிக்குத் தட்டினாள்: "ஹிக்ஸ் சார்ம் குவார்க்கோட ஒட்டுறத இன்னும் எவனும் ஒழுங்கா அளக்கல. எப்ப ஆரம்பிக்கலாம்?"