வேற்றுலகத்து உடைமரம்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குத் தார் ரோட்டோரம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுத் தேரிக்காட்டுச் செம்மணலில் கால் புதைய ஏறிவந்த இந்துமதி, மேட்டில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் படம் எடுக்க வந்த உடைமரம் இருந்தது. ஆனால் அது நேற்றுப் பார்த்த மரம் இல்லை. மேற்குப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்த ஏழெட்டுக் கொப்புகளைக் காணோம். தூரைச் சுற்றிப் பெருக்கி, தண்ணீர் தெளித்து, தண்டில் மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமமும் வைத்திருந்தது. தாலி கட்ட ஆள் வருவது ஒன்றுதான் பாக்கி.

இந்துமதியின் தொழில் மரம் வளர்ப்பது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றாமல் கம்ப்யூட்டரில் வளர்ப்பது. பெங்களூரில் வீடியோ கேம் செய்கிற ஒரு கம்பெனிக்கு இரண்டு வருடமாகத் தூத்துக்குடி வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். இப்போது எல்லாரும் ஆபீசுக்கு வந்தாக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். புதிய கேமுக்கு மரம் செய்கிற ஒரே ஒருவர் மட்டும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கும் ஒரு பரீட்சை. கணவன் விஜயராஜுக்குத் துறைமுகத்தில் கிரேன் வேலை, அதை விட்டு நகர முடியாது. மகள் இரண்டாம் வகுப்பு. பெங்களூருக்குப் போனால் அவளை மாதம் ஒரு தடவை பார்க்கலாம்.

பரீட்சை வைத்த அனிஷ் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டான். "வேற ஒரு கிரகத்துக் காடு. ஸகோத்ரா தீவு மரம் வேண்டாம், மடகாஸ்கர் மரம் வேண்டாம், ஆலமர விழுது வேண்டவே வேண்டாம். எந்த கேமைத் தொறந்தாலும் அதுதான் நிக்குது. யாரும் பாக்காத மரமா கொண்டுவாங்க. திங்கக்கிழமை பத்து மணி."

மூன்று நாள் இணையத்தில் உலகத்துக் காடெல்லாம் சுற்றினாள். நாலாம் நாள் திருச்செந்தூர் போகிற வழியில், பஸ் ஜன்னலில் ஓர் உடைமரம் கண்ணில் பட்டது. அடியிலிருந்தே பல தண்டாகப் பிரிந்து, குடைக்கம்பி மாதிரி விரிந்து, உச்சி தட்டையாக, விரல் நீள வெள்ளை முள்ளோடு நின்றது. பிறந்ததிலிருந்து பார்க்கிற மரம். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

மரத்தைச் சுற்றிச் சுற்றி நூற்றுக்கணக்கில் போட்டோ எடுத்தால் கம்ப்யூட்டர் அவற்றை ஒட்டி உருவமாக்கிவிடும். இலை அசையக்கூடாது என்பதுதான் சட்டம். தேரியில் வெயில் ஏறினால் காற்றும் ஏறிவிடும் என்பதால் விடிந்ததும் கிடைக்கிற ஒரு மணி நேரம்தான் கணக்கு. சனிக்கிழமை கிழக்குப் பாதி முடிந்தது. மேற்குப் பாதி இன்றைக்கு.

நேற்று அவளிடம் பேச்சுக் கொடுத்தவள் பேச்சிச்செல்வி. பத்தாம் வகுப்புவரை இருவரும் ஒரே பெஞ்சு. பேச்சி இப்போது இங்கேதான் ஆடு மேய்க்கிறாள். எதுக்குளா இத்தனை போட்டோ என்று கேட்டவளிடம், இந்த மரத்தை உலகம் முழுக்கப் பார்க்கப்போகிறார்கள் என்று இந்துமதி பெருமையாகச் சொல்லிவைத்தாள். அந்த ஒரு வார்த்தை பார்த்த வேலைதான் இது.

"வந்துட்டியா? நம்ம மரத்தப் பாத்தியா, எப்படி இருக்குன்னு!" கையில் தொரட்டிக் கம்போடு பேச்சி சிரித்துக்கொண்டு வந்தாள். "நேத்து சாயங்காலம் இழுத்து ஒதுக்கிவிட்டேன். உலகம் பூரா பாக்கப்போவுதுன்னு சொன்னேல்லா? தலைய விரிச்சுப் போட்ட மேனிக்கா நிக்கவிடச் சொல்லுத?"

இந்துமதிக்குக் கோபம் தொண்டைவரை வந்தது. பேச்சியின் முழங்கை வரைக்கும் முள் கீறியிருந்த கோடுகளைப் பார்த்ததும் அது அங்கேயே நின்றுவிட்டது. மணலில் உட்கார்ந்து அழுதாள். அழுகைக்கு நடுவே பெங்களூர், மகள், பத்து மணி எல்லாவற்றையும் சொன்னாள்.

பேச்சிக்கு முகம் செத்துப்போயிற்று. "நேத்து எடுத்த பாதியும் இன்னைக்கு எடுக்குற பாதியும் ஒட்டாதா?"

"ஒட்டாது."

பேச்சி தொரட்டிக் கம்பைக் கீழே போட்டாள். "கொப்பு எங்கயும் போயிரலளா. இன்னைக்கு ஆட்டுக்குப் போடலாம்னு ஈரச்சாக்கப் போட்டு மூடி வச்சிருக்கேன்."

உடை முள்ளை அந்தப் பக்கம் யாரும் வீசி எறிவதில்லை. தழை ஆட்டுக்கு, முள் ஆடு அடைக்கும் கிடைக்கு வேலி. சாக்கை விலக்கியபோது எட்டுக் கொப்பும் வாடாமல் கிடந்தன. இந்துமதி ஒன்றைத் தூக்கிப் பார்த்தாள். இரண்டிரண்டாகப் பிரியும் முள், சுருண்ட நெற்று, அதில் ஊர்ந்த எறும்பு. கீழே நின்று எடுத்த படத்தில் இவை ஒன்றுமே இல்லை. உடை முள்ளுக்குள் கைவிட்டுக் கொப்பு ஒடித்துத் தர உலகத்தில் எந்தக் கம்பெனியாலும் ஆள் பிடிக்க முடியாது. இங்கே ஒருத்தி கேட்காமலேயே செய்துவைத்திருக்கிறாள்.

காற்று ஏறுமுன் தண்டின் மஞ்சளைக் கழுவிவிட்டு இந்துமதி மேற்குப் பக்கத்தையும் படமெடுத்து முடித்தாள். பேச்சி வீட்டுக்கு ஓடிப்போய்ப் புருஷனின் வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து விரித்தாள். ஒவ்வொரு கொப்பாக அதில் கிடத்தி, இந்துமதி படமெடுத்துக்கொண்டே சொல்லச் சொல்லத் திருப்பிப் போட்டாள். பிறகு கிடையின் ஓலை நிழலில் இருவரும் லேப்டாப் முன் உட்கார்ந்தார்கள். தண்டு திரையில் எழும்பியது. இந்துமதி முதல் கொப்பை ஒட்டினாள்.

"அங்கன இல்ல. அது வடக்க சாஞ்ச கொப்பு."

நகர்த்தினாள்.

"இன்னும் ஒரு சாண் மேல. கெடா எட்டுத உயரத்துக்கு மேலதான் அதுல எல தழைக்கும்."

எந்தக் கொப்பு எங்கே நின்றது, எது எதைத் தாங்கிக்கொண்டு வளைந்தது எல்லாம் அவளுக்கு அத்துப்படி. சாயங்காலம் ஐந்து மணிக்கு நேற்றைய மரம் முழுசாக நின்றது. நேற்றைய மரத்தைவிட நன்றாகவே நின்றது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு அனிஷ் கூப்பிட்டான். "மரத்தோட அடிப்பக்கம் ஏன் கத்தரிச்ச மாதிரி மட்டமா இருக்கு?"

"ஆடு ரெண்டு காலுல நின்னு திங்கும். அதுக்கு எட்டுற வரைக்கும் இல இருக்காது."

அனிஷ் சிரித்தான். "அப்போ அந்தக் கிரகத்துலயும் இதைத் திங்க ஏதாவது வேணும். மிருகம் செய்யறவங்ககிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க தூத்துக்குடியிலேயே இருங்க."

பள்ளிக்கூடம் விட்டு வந்த மகளை இந்துமதி வாசலிலேயே இழுத்துக் கட்டிக்கொண்டாள். திருச்செந்தூர் இருக்கும் திசைக்கு ஒரு கும்பிடு போட்டாள். வழியில்தான் தேரியும் இருக்கிறது என்று இன்னொரு கும்பிடும் போட்டாள்.

பேச்சிக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் தெரியவில்லை. ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளிடம் போய் நன்றி என்றால், என்னளா மேடையில பேசுதமாரி பேசுத என்று கேட்டுவிடுவாள். ஆறு வாரம் கழித்துக் கம்பெனி ஒரு சின்ன வீடியோ அனுப்பியது. அதை எடுத்துக்கொண்டு தேரிக்குப் போனாள்.

பேச்சி முந்தானையால் கையைத் துடைத்துவிட்டுப் போனை வாங்கினாள். ஊதா நிற மணல், இரண்டு நிலா, நடுவில் அவர்களுடைய உடைமரம். ஆறு கால் மிருகம் ஒன்று வந்து, பின்னங்கால்களில் எழும்பிக் கொப்பைப் பிடித்து இழுத்தது. பேச்சி இமைக்காமல் பார்த்தாள்.

"ஏளா, உனக்கு நான்..." என்று இந்துமதி ஆரம்பித்தாள்.

"ஏய், சூ! கொப்ப ஒடிக்காத!" என்று பேச்சி போனைப் பார்த்துக் கத்தினாள்.

ஆறு கால் மிருகம் காதில் வாங்காமல் தின்றுகொண்டிருந்தது. அவர்களுக்குப் பின்னால் மரத்தில் காலை வைத்து எழும்பி நின்ற ஆடுகள் ஒவ்வொன்றாகக் காலைக் கீழே இறக்கி, வாயில் தழையோடு அவளையே பார்த்தன.