புதுக்கடைக்குப் பறந்த பொறி

ஸஹாப்தீன் நானாவின் அடுப்பைக் காப்பாற்றத்தான் தில்லைநாதன் அந்தப் பொய்யைச் சொன்னார். வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து நிற்கும் அந்தத் தொடர்மாடியின் கூட்டம், கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் கதிரைகளில் நடந்துகொண்டிருந்தது. ஆறாம் மாடிப் பால்கனியில் நானா இறைச்சி சுட்டபோது பறந்த பொறியொன்று, நாலாம் மாடியில் காய்ந்த பள்ளிச் சட்டையில் ஓட்டை போட்டுவிட்டது. தொடர்மாடிச் சங்கத் தலைவி அனுஷியா தன் பிள்ளையின் அந்தச் சட்டையை விரித்துக் காட்டினாள். ஓட்டை வழியாக அவளுடைய ஒரு கண் தெரிந்தது. பால்கனியில் நெருப்பே கூடாது என்றாள். மண் வாளி வைத்துக்கொண்டு சுடட்டுமே என்றார்கள் சிலர்.

தில்லைநாதன் எழுந்தார். ரயில்வேயில் வேலை பார்த்த காலந்தொட்டு, முகத்தில் ஒரு சுருக்கமும் அசையாமல் புளுகக்கூடியவர். தண்ணீர்த் தொட்டிச் சண்டையும் பூனைச் சண்டையும் அவர் புளுகில் சிரித்தே கலைந்துபோனவை.

"பிள்ளையள், நெருப்பு லேசுப்பட்ட சாமானில்லை. கிருலப்பனையில ஒருத்தன் பால்கனியில கோழி சுட்டவன். ஒரு பொறி கிளம்பினது. பாமன்கடையில ஒரு மாமரத்தில இருந்து இளைப்பாறிப்போட்டு, நேரா புதுக்கடைக்குப் பறந்து, கோர்ட்டுக்குள்ள வழக்குப் பேசிக்கொண்டு நிண்ட லோயற்ற கறுப்புக் கோட்டில பத்தினது. மனுசன் பேச்சை நிப்பாட்டேல்லை. கோட் எரிஞ்சு முடிய வழக்கும் முடிஞ்சுது. வெண்டிட்டார்."

சிரிப்புக்காகக் காத்து நின்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஓட்டைச் சட்டை கண்முன்னே தொங்கும்போது மாமரம் யார் காதிலும் ஏறவில்லை போலும். "லோயருக்கே பத்தினதாம்," என்று பின்வரிசையில் யாரோ பெருமூச்சு விட்டார்கள். கைகள் உயர்ந்தன. தடை வந்துவிட்டது.

லிப்டுக்குள் நானா அவரைப் பார்க்காமலே கதைத்தார்.

"என்னத்துக்கு அண்ணன் அந்தக் கதைய சென்னீங்க? ஹஜ்ஜுப் பெருநாளைக்கு இப்ஹாம் கட்டார்ல இருந்து வாரான். வீட்டுக்குள்ள எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வாரல்ல. அந்த அடுப்புக்கிட்ட நிண்டாத்தான் மகன் வாய் திறப்பான். ஒங்களுக்குத் தெரியுந்தானே."

தெரியும். பக்கத்துப் பால்கனியிலிருந்து வருடாவருடம் கேட்டவர் அவர்தானே. போனில் 'சாப்பிட்டியா'வைத் தாண்டாத வாப்பாவும் மகனும், இறைச்சியைப் புரட்டும் சாக்கில் வேலை, தனிமை, மௌத்தாகி மண்ணுக்குள் போன உம்மா என்று மெல்ல மெல்ல இறங்கிப் போவார்கள். கண் கலங்கினால் புகைமேல் பழியைப் போட்டுவிடலாம்.

மறுநாள் அனுஷியாவின் கதவைத் தட்டினார்.

"பிள்ளை, நான் சொன்னது புளுகு. பொறியும் இல்லை, லோயரும் இல்லை."

அவள் குலுங்கிச் சிரித்தாள். "அங்கிள், இதுதான் புளுகு! நானாவுக்காண்டி இப்பிடியும் சொல்லுவீங்களோ?" கதவைச் சாத்தப் போனவள், சிரிப்பு அடங்கி நின்றாள். "அது பொய்யெண்டே வையுங்கோ. என்ர பிள்ளையின்ர சட்டை பொய்யில்லையே."



பெருநாளன்று நானா வீட்டிலிருந்து வழக்கம்போல் தட்டு வந்தது. கடையில் வாங்கிய புரியாணி. பின்னேரம் தில்லைநாதன் பால்கனிக்குப் போனார். அடுத்த பால்கனியில், குளிர்ந்த அடுப்புக்கு இந்தப் பக்கம் நானா, அந்தப் பக்கம் இப்ஹாம். மகன் கடலோரம் போகும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ரயில் போய் முடிந்த பிறகும் அங்கேயே பார்த்தான்.

ஒரு கதையை எடுத்துவிட்டால் இரண்டு பேரும் சிரிப்பார்கள் என்று தில்லைநாதன் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை.

நானாவின் கையில் பழைய ஓலை விசிறி இருந்தது. கரியில்லாத அடுப்பை அவர் மெதுவாக விசிறிக்கொண்டே நின்றார்.