உப்புராணி வேஷத்துக்கு ஆள் தேடிய கதை

வேதவல்லி அமெரிக்காவுக்குப் போய்விட்டாள். அவள் போட்டிருந்த ராணி வேஷம் மட்டும் மந்தைவெளியிலேயே தங்கிவிட்டது. ஏதோ ஒரு புடவையும் கிரீடமும் பரண்மேல் கிடந்தன என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். வேஷம் என்றால் முழு வேஷம். நீலப் பட்டு, அட்டைக் கிரீடம், வளைத்து எழுதிய புருவம், நெற்றிச்சுட்டி, இடது கன்னத்தில் மையால் வைத்த மச்சம் எல்லாமாகச் சேர்ந்து ஓர் ஆள் உயரத்துக்கு, உள்ளே ஆள் மட்டும் இல்லாமல், விஜயராகவன் வீட்டுக் கூடத்தில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைச்சலாக இருக்கும். தெருவில் இதை யாரும் பெரிதாகப் பேசிக்கொள்வதில்லை. தண்ணீர் லாரி எப்போது வரும் என்பதுதான் அங்கே பெரிய பேச்சு.

நடந்தது இவ்வளவுதான். ‘உப்புராணி’ என்று ஒரு சங்கீத நாடகம். உப்பாலேயே ஆன ஒரு தீவு, அதை ஆளும் ராணி, உப்பில்லாத நாட்டிலிருந்து உப்பு கேட்க வந்து பெண் கேட்டு நிற்கும் ராஜா. மயிலாப்பூரில் ஒரு சபாவில் அதைப் போட்டபோதெல்லாம் மின்விசிறிக்கு அடியில் இடம் பிடிக்கப் பெரிய மனிதர்களே சண்டை போட்டுக்கொண்டார்கள். ராணியாக வேதவல்லி. ராஜாவாக விஜயராகவன், பகலில் இன்சூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. அந்த நாடகக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஆட்டம் முடிந்ததும் நெற்றியில் தேங்காயெண்ணெய் தொட்டு, கண்ணாடியைப் பார்த்து, “நான் போறேன்” என்று வேஷத்திடம் சொல்லிவிட்டுத்தான் கலைக்க வேண்டும். வீட்டில் வாசல்படி தாண்டும்போது இந்தச் சொல்லைச் சொன்னால் அடி விழும். சுடுகாட்டைத் தவிர எங்கிருந்து கிளம்பினாலும் வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். வேஷத்துக்கு இந்த நாசூக்கெல்லாம் தெரியாது. அதனிடம் போறேன் என்றால்தான் போகிறோம் என்று அதற்குப் புரியும்.

கடைசி ஆட்டத்தன்று வேதவல்லிக்கு விமானம். புருஷன் நியூஜெர்சியில். பெட்டிகளோடு கார் சபா வாசலில் நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. அவள் ஈரத் துண்டால் முகத்தை ஒரு துடைப்புத் துடைத்தாள், புடவையை மாற்றினாள், ஓடினாள். ஆனால் நல்ல வளர்ப்பு. கதவருகே நின்று, திரும்பி, அறைக்குப் பொதுவாக “வரேன்” என்றாள். வேஷம் அதை அட்சரம் பிசகாமல் எடுத்துக்கொண்டு, கண்ணாடி முன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. ஒட்டு மீசையோடு அங்கே நின்றிருந்த விஜயராகவனும் அப்படியே எடுத்துக்கொண்டார். அவளிடம் சொல்வதற்கு அவர் ஒன்று வைத்திருந்தார். வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டார்.

எல்லாரும் போன பிறகு வேஷத்தைத் தனியே விட மனம் வராமல், தன் மீசையைக்கூட எடுக்காமல் ஆட்டோ பிடித்தார். ஆட்டோக்காரன் வழியெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்து, “அந்தம்மா இன்னா நைனா ஒண்ணியும் பேசாம வருது? சண்டையா?” என்றான். “இல்லைப்பா, களைப்பு” என்றார் விஜயராகவன். அதுதான் அந்த வேஷத்துக்காக அவர் சொன்ன முதல் பொய்.

வேஷம் சாப்பிடாது, தூங்காது, வயதாகாது. பேசும், ஆனால் நாடக வசனத்தைத் தவிர ஒரு வார்த்தை பேசாது. கேட்பதும் அப்படித்தான். மூன்றாம் காட்சியிலிருந்து அவர் ஒரு வரி எடுத்துக் கொடுத்தால், அடுத்த வரி மணி மணியாக வரும். ஆகவே அவர் குடும்பம் நடத்தியதே அந்த வசனத்தை வைத்துத்தான். ஆபீஸ் கிளம்பும்போது, “படை புறப்படுகிறது தேவி.” மழை வந்து துணி எடுக்க ஓடும்போது, “வானம் பகையாகிவிட்டது.” ரிட்டயர் ஆகிச் சந்தன மாலையோடு வந்த அன்று, ராணி நிமிர்ந்து பார்த்து, “போரில் வென்றீர்களா, வேந்தே?” என்று ஐந்தாம் காட்சியைத் தானாகவே எடுத்தது. “முடிந்தது தேவி, அது மட்டும் தெரியும்” என்று அடுத்த வரியைச் சொல்லிவிட்டு மாலையைக் கழற்றினார். எழுதியவன் என்னமாய் எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டார். கேஸ் சிலிண்டர் போட வரும் பாலுவையும் ராணி, “தூதனே, எந்த நாட்டிலிருந்து வருகிறாய்?” என்றுதான் கேட்கும். “கொடோன்லேர்ந்துதான் ராணிம்மா, வேற எங்க கீது நமக்கு நாடு?” என்பான் அவன். வசனத்தில் இல்லாத எதைச் சொன்னாலும் ராணி சுவரைப் பார்க்கும். அவருடைய அம்மா தவறிப்போன சேதி வந்த அன்றும் சுவரைத்தான் பார்த்தது. அம்மா தவறிப்போகும் காட்சி அந்த நாடகத்தில் இல்லை.

இப்படி இருக்கையில்தான் சபாக்காரர்கள் ‘உப்புராணி’யை மறுபடி போடுவது என்று தீர்மானம் செய்தார்கள். இயக்குவதற்கு அடையாறிலிருந்து கயல் என்று ஒரு பெண் வந்தாள். சின்ன வயது, பெரிய மூக்குக்கண்ணாடி, யாரிடமும் பொய் சொல்லத் தெரியாதவள். மற்ற வேஷங்களுக்கெல்லாம் ஒரே வாரத்தில் ஆட்கள் கிடைத்தார்கள். ராஜாவும் ராணியும்தான் பாக்கி. தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல் மாடியில் ஹால் எடுத்துத் தேர்வு நடந்தது. வந்தவர்களில் குரல் வளம் உள்ளவர்கள் உண்டு, நாட்டியம் தெரிந்தவர்கள் உண்டு. ஆனால் ராணியின் முதல் வரியைச் சொல்ல வாய் திறந்தால் அந்த வரி வருவதில்லை. கையில் தாள் இருந்தும் வருவதில்லை. பாலவாக்கத்திலிருந்து வந்த பெண் ஈ.சி.ஆர். பஸ் நிறுத்தங்களை வரிசையாகச் சொல்லிவிட்டு அழுதாள். இன்னொருத்தி ரவா தோசைக்கு மாவு கரைக்கும் விதத்தைக் கல்யாணி ராகத்தில் பாடினாள், நன்றாகவே பாடினாள். ராஜாவுக்கும் இதே கதிதான். நந்தனம் கல்லூரியில் நாடகம் போட்டுப் பெயர் வாங்கிய ஹரி, மார்பை நிமிர்த்திக்கொண்டு முன்னால் வந்து, “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், தயவுசெய்து காத்திருக்கவும்” என்றான்.

சபா செயலாளர் வெங்கடரமணன் மூலையில் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார். “அது வராதும்மா. வேஷம்தான் மந்தைவெளியில ராகவன் ஆத்துல இருக்கே” என்றார்.

“சார்! இதை ஏன் முன்னாடியே சொல்லல?”

“நீ கேக்கலையே.”

மறுநாள் சாயங்காலம் கயல் போனாள். ராணி அவளை வரவேற்றது. விஜயராகவன் காபி கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். “அவ வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது?”

“எல்லாரும்தான் மாமா வரேன்னு சொல்றோம்” என்றாள் கயல். பிறகு, போனை எடுத்து, “அவங்ககிட்டயே கேட்டுடலாமா? நம்பர் வாங்கிட்டேன்” என்றாள். அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் மணி அடித்து, ஸ்பீக்கரில் குரல் வந்துவிட்டது. அந்தக் குரல் கேட்டதும் ராணி நாற்காலியிலிருந்து எழுந்து நின்றது. இத்தனை வருஷத்தில் அது தானாக எழுந்து அவர் பார்த்ததில்லை.

“உப்புராணியா? அட ராமா, இன்னுமா அதைப் பேசிண்டிருக்கேள்? பேஷா போடுங்கோ. ராஜாவா? ராஜா யாரு... உயரமா ஒருத்தர், ஏதோ இன்சூரன்ஸ் ஆபீஸ். பேர் மறந்துடுத்தும்மா. நல்ல மனுஷன். என் வசனமெல்லாம் அவருக்குத் தெரியும், மறந்தா எடுத்துக் கொடுப்பார். சரி, பேரனை ஸ்கூலுக்குக் கிளப்பணும். வரேன்.”

போன் அணைந்தது. வரேன் என்பதைக் கேட்ட ராணி, மடிப்பைச் சரி செய்துகொண்டு மறுபடி உட்கார்ந்து, வாசலைப் பார்க்கத் தொடங்கியது. விஜயராகவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தான் இருப்பதும் இப்படித்தான் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. “ஒரு தரம் அழைச்சுண்டு வரேன். யாருக்காவது சரியா இருக்கான்னு பாருங்கோ” என்றார்.

தி. நகர் ஹாலில் வேஷம் வந்தவர்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்தது. தேர்வுக்கு வந்திருந்த யாரையும் அதற்குப் பிடிக்கவில்லை. கீழே ஜவுளிக்கடை மைக்கில், “சிவப்புச் சட்டை போட்ட குழந்தை இரண்டாம் தளத்தில் அழுதுகொண்டிருக்கிறது, பெற்றோர் உடனே வரவும்” என்று ஒரு பெண்குரல் கேட்டது. அறிவிப்புதான், ஆனால் குழந்தையின் பயமும் அதில் இருந்தது. வேஷம் படியிறங்கிப் போய்விட்டது. திரும்பி வரும்போது உள்ளே ஆள் இருந்தது. சைதாப்பேட்டை சரண்யா, அந்தக் கடையில் மைக்கில் பேசும் பெண். ஈரத்துணி உடம்பில் ஒட்டுவதுபோல் வேஷம் அவள்மேல் ஒட்டியிருந்தது. “இன்னா மேடம் இது? சூப்பர்வைசர் திட்டுவாரு” என்று கயலிடம் சொல்லிக்கொண்டே வந்தவள், ஹால் நடுவில் நின்றதும் முதல் பாட்டை எடுத்தாள். முறுக்கு கடிப்பதை வெங்கடரமணன் நிறுத்தினார்.

பாட்டு முடிந்ததும் ராணிக்கு மூச்சு வாங்கியது. மேலுதட்டில் வியர்வை பூத்தது. அதைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு ராணி சிரித்தது. விஜயராகவன் வீட்டில் அது ஒரு நாளும் வியர்த்ததில்லை.

ஆனால் எதிரே நின்ற ஹரி வாய் திறந்தால் இன்னமும் கஸ்டமர் கேர்தான். ராணி அவனைத் தாண்டி, சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்த கிழவரைப் பார்த்து, “மழை வந்தால் என் நாடு கரைந்துவிடும். அப்போதும் இருப்பீர்களா, வேந்தே?” என்று கேட்டது. அவரால் அடக்க முடியவில்லை. “கரைந்த கடலுக்குக் காவல் இருப்பேன், தேவி” என்றார். ஹால் முழுவதும் திரும்பியது. அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. அன்றைக்கு மீசையோடு ஆட்டோ ஏறியவர் தன் வேஷத்தையும் கலைக்கவே இல்லை. பஸ் ஸ்டாப்பில் அவர் இடுப்பில் கை வைத்து வாளைப் பிடித்தாற்போல் நிற்பதைத் தெருக்காரர்கள் இத்தனை காலமும் முதுகுவலி என்று நினைத்திருந்தார்கள்.

ஒரு நிமிஷம் அவர் முகத்தில் ஆசை வந்துபோனது. “நானே பண்ணிடறேனே” என்றார், மெதுவாக. கயலுக்குத்தான் பொய் வராதே. “மூணாவது சீன்ல மதில் ஏறணும், மாமா” என்றாள். குனிந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். வெங்கடரமணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “யோசிச்சுக்கோ ராகவா. நீ கலைச்சாத்தான் அந்தப் பையனுக்கு வசனம் வரும். ஆனா உன் வேஷம் போனா வசனமும் கூடப் போயிடும். ஒரு வரி மிஞ்சாது. வேண்டாம்னா சொல்லு, நாடகத்தை நிறுத்திடறேன்; ராணியை ஆத்துக்கு அழைச்சுண்டு போ” என்றார்.

அவர் யோசித்தார். ஒரு வரி மிஞ்சாது என்றால், அந்த வீட்டில் இத்தனை வருஷம் அவர் ஒருவரோடு பேசியது அத்தனையும் மிஞ்சாது. வேறு பேச்சு அவர் சேர்த்து வைத்திருக்கவில்லை. அங்கே ராணி சரண்யாவின் கையால் தண்ணீர் பாட்டிலை வாங்கி மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தது. பாட்டில் காலியாகும்வரை பார்த்தார். பிறகு தேங்காயெண்ணெய் வேண்டும் என்றார். ஜவுளிக்கடைப் பெண்கள் யாரிடமோ சின்னக் குப்பி இருந்தது. கைகழுவும் இடத்துக் கண்ணாடி முன் நின்று நெற்றியில் தொட்டுக்கொண்டார். வேஷத்திடம்தான் சொல்ல வேண்டும். ஆனால் கண்ணாடியில் அவருக்குப் பின்னால் கதவருகே ராணி நின்றிருந்தது. “நான் போறேன்” என்றார்.

வெளியே வந்தவர் ஒரு சாண் குள்ளமாக இருந்தார். ஹாலில் ஹரியின் குரல் கணீரென்று கேட்டது. அது என்ன வசனம் என்று அவருக்குத் தெரியவில்லை. எதிரே நீலப் பட்டில் நின்ற பெண்ணிடம் ஏதோ சொல்ல வேண்டும் போலிருந்தது. என்ன என்று நினைவு வராமல், வாயில் வந்ததைச் சொன்னார். “முழங்கால் வலிக்கறதும்மா.”

“அப்புறம் இன்னாத்துக்கு மாமா நிக்கிறீங்க? குந்துங்க” என்று அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மார்கழியில் நாடகம் அரங்கேறியது. செயலாளர் அனுப்பிய டிக்கெட்டோடு விஜயராகவன் போய் மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தார். இப்படி ஒரு கதையை அவர் கேட்டதே இல்லை. உப்பில் ஒரு தீவாம்! மதில் ஏறும்போது ராஜாவின் கால் வழுக்க, அவருக்குப் பகீரென்றது. தர்பாரில் ராணி அமைச்சரை மடக்கிய இடத்தில் உரக்கச் சிரித்தார். திரைக்குப் பின்னாலிருந்து முதல் இடி கேட்டதும், முன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு பக்கத்து இருக்கைக்காரரிடம் குனிந்தார்.

“ராணி பிழைச்சுடுவாளோ, சார்?”

பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். “அதான் எனக்கும் கவலையா இருக்கு” என்றார். “பேசாம பாருங்கோ.”

விஜயராகவன் பேசாமல் பார்த்தார்.