நாற்பத்து நாலாம் மைலில் சாகாத மான்கள்

நாற்பத்து நாலாம் மைலில் எந்த மானாலும் சாலையைக் கடக்க முடியாது. ஒரு பக்கம் செங்குத்துப் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளத்தில் ஆறு. ஆனால் அமெரிக்காவின் அந்த வையோமிங் மலைச்சாலையில் மூன்று வருடத்தில் வண்டி மோதிச் செத்த இருநூற்றுப் பதினாறு மான்களும் அங்கேதான் செத்ததாகப் பதிவேடு சொன்னது.

வெர்னா டாலிவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மான்கள் கடக்க ஒரு பாலம் கட்ட அரசு நிதி கேட்டு மனு எழுதுபவள் அவள். குளிர் தொடங்கியதும் மந்தைகள் மலையிலிருந்து இறங்கும் தடம் முப்பத்தேழாம் மைலில் சாலையை வெட்டுகிறது. பாலம் அங்கேதான் வேண்டும். இரண்டு மனுக்கள் திரும்பி வந்துவிட்டன. 'முப்பத்தேழில் ஒரு சாவுகூடப் பதிவாகவில்லை' என்று ஒற்றை வரி. மூன்றாவதற்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதுவும் திரும்பினால் பணம் வேறு ஊருக்குப் போய்விடும்.

புதன் காலை, செத்த மான்களை அள்ளும் லைல் பிரெக்கியின் லாரியில் ஏறிக்கொண்டாள். முப்பத்தேழில் ஒரு பெண்மான் கிடந்தது. லைல் அதைச் சங்கிலி போட்டு ஏற்றினான். கைப்பேசியைத் தொடவே இல்லை.

"பதியலையா?"

"இங்க ஏது சிக்னல்? படிவமே தொறக்காது. மேல போய்ப் பாத்துக்கலாம்."

சிக்னல் கிடைக்கும் நாற்பத்து நாலில் நிறுத்தி, கைப்பேசியில் படிவத்தைத் திறந்தான். 'இடம்' என்ற கட்டம் தானாகவே நிரம்பியது.

"லைல்! அது நீ நிக்கிற எடத்தைப் போடுதுப்பா. மான் கெடந்த எடத்தை இல்ல!"

"அதுவாப் போட்டுக்குது. எத்தனைங்கிறத மட்டுந்தான் நான் போடுவேன். மூணு வருஷமா ஒருத்தனும் என்னைக் கேக்கல."

"என்னைத்தான் ரெண்டு தடவ கேட்டுத் தொலைச்சாங்களே!"

"என்கிட்ட ஏன் கத்தற? படிவம் செஞ்ச புண்ணியவான்கிட்டப் போய்க் கத்து."

"இனிமே சரியா எழுதுவ, சரி. பழசுக்கு? உன் ஞாபகத்தை மனுவோட பின் அடிச்சு அனுப்பவா?"

"நீ வேற. முப்பத்தேழுல தெனமும் நிறுத்தி காப்பி குடிக்கிறியான்னு ஏற்கெனவே ஆபீஸ்ல ஏச்சு."

"நீ நிக்கிறது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

லைல் இருக்கைக்கு அடியில் இருந்த கறுப்புப் பெட்டியை உதைத்துக் காட்டினான். "இந்தக் கோள்மூட்டிதான். லாரி எங்க, எவ்வளவு நேரம் நின்னுச்சுன்னு குறிச்சுக்கும். சிக்னல் இல்லன்னா மனசுல வெச்சிருந்து, மேல வந்ததும் போட்டுக் குடுத்துரும்."

வெர்னா அவனையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தாள்.

அன்று மாலைக்குள் பெட்டியின் மூன்று வருடப் பதிவுகளைக் கேட்டு வாங்கிவிட்டாள். ஒரு மானை ஏற்ற எப்படியும் ஆறு நிமிடமாவது ஆகும். எனவே லைலின் ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் லாரி ஆறு நிமிடமோ அதற்கு மேலோ நின்ற இடங்களை எடுத்தாள். நிறுத்தங்களும் மான்களும் எண்ணிக்கையில் ஒத்துப்போனால் அந்த இடங்களையே மான்களுக்கு எழுதினாள், ஒத்துப்போகாதவற்றை விட்டுவிட்டாள். நூற்றெண்பத்தெட்டு மான்களுக்கு இடம் கிடைத்தது. அவற்றில் நூற்றைம்பத்தொன்று முப்பத்தேழாம் மைலுக்கும் முப்பத்தெட்டாம் மைலுக்கும் நடுவில்.