உள்ளே பச்சை

மணலைக் கூட்டிச் சுண்ணாம்பைக் குறைத்துவிட்டானாம் என் மகன். அதனால்தான் அவன் கட்டிய வளைவு இடிந்து அவன் தலையிலேயே விழுந்ததாம். துக்கம் விசாரிக்க வந்தவர்களே, வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டு இப்படிப் பேசினார்கள். நாக்கில் நரம்பில்லாத கூட்டம், தொலையட்டும் என்று விட்டேன். அவனைப் பெற்ற அப்பனும் அதையே சொன்னார் என்று கேட்டபோதுதான் பொறுக்க முடியவில்லை. "பய கலவையில கோட்ட விட்டுட்டான்" என்று வேலையிடத்தில் எல்லோர் முன்னாலும் சொல்லியிருக்கிறார். அங்கே அவர்தான் மேஸ்திரி. அவர் சொன்ன பிறகு மறுபேச்சு ஏது?

அந்தக் கலவைக்கு அளவு கொடுத்ததே நான்தான். பழைய கட்டடங்களின் கல்லையும் காரையையும் சோதிக்கிற கூடத்தில் எனக்கு வேலை. பழைய நீதிமன்றத்தைப் பழுது பார்க்கத் தொடங்கும் முன் அதன் சுவரிலிருந்து பெயர்த்த காரையை அமிலத்தில் போட்டேன். சுண்ணாம்பு நுரைத்துக் கரைந்தது, மணல் அடியில் தங்கியது. ஒன்றுக்கு மூன்று. ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்று மகனிடம் சொன்னபோது, "இவ்ளோ அளவு பாக்கற கையா நேத்து உப்ப வாரிக் கொட்டுச்சு?" என்று கேட்டான். வாய் நீளம் அவனுக்கு.

விழுந்த வளைவின் காரைத் துண்டு ஒன்றைக் காற்றுப் புகாமல் சுற்றி எங்கள் கூடத்துக்கே அனுப்பினார்கள். பெற்றவள் கை பட்டால் நாளைக்கு ஒரு பேச்சு வரும் என்று எங்கள் அதிகாரி தானே எடுத்துக்கொண்டார். நியாயம்தான். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். மணலை உலர்த்தி எடை போட்டார். அதே ஒன்றுக்கு மூன்று, இம்மி பிசகவில்லை. என் தங்கமே, என் ராசா என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

அவர் மீதித் துண்டை உடைத்து, உடைந்த முகத்தில் சாயச் சொட்டு விட்டார். சுண்ணாம்பு காற்றை இழுத்து இறுக நாளாகும். இறுகிய இடத்தில் அந்தச் சொட்டு நிறம் மாறாது, இறுகாமல் பச்சையாக இருக்கிற இடம் சிவக்கும். ஓரத்தில் நகக்கனம் போக, துண்டு முழுக்கச் செக்கச் சிவந்துவிட்டது. கலவையில் குற்றமில்லை, வளைவைத் தாங்கியிருந்த முட்டுக் கட்டைகளைத்தான் அவசரப்பட்டுக் கழற்றிவிட்டார்கள் என்றார்.  அவசரப்பட்டது என் பிள்ளையாக இருந்தால்?

வீடு வரும் வழியில் கண்டவர்களெல்லாம் மணல் கூடவா குறைச்சலா என்றுதான் கேட்டார்கள். சரியாக இருந்தது, போய் எல்லோரிடமும் சொல்லுங்கள் என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் என் புருஷன் சட்டைகூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "செவந்துச்சா?" என்றார்.

 மணலைக் குறை சொன்ன மனிதர் மணலைப் பற்றியல்லவா கேட்க வேண்டும்?

"செவந்துச்சு. உள்ள முழுக்க."

தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதற்குள்ளிருந்தே பேசினார்.

"அடுத்த வளைவுக்கு முட்டு வேண்டியிருந்துச்சு. உள்ள இன்னும் பச்சையா இருக்குப்பா, கொஞ்ச நாள் போகட்டும்னான். எனக்கே சொல்லித் தர்றியாடான்னு எல்லார் முன்னாடியும் கேட்டுட்டேன். மூஞ்சி சுண்டிப்போச்சு அவனுக்கு. முட்டக் கழட்ட அவனே வளைவுக்கு அடியில போயிட்டான்."

சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. பிடித்தேன். பிடித்த கையை எடுக்கவும் முடியவில்லை, அவர்மேலேயே சாய்ந்து அழுதேன். பாவி மனுஷா, பாவி மனுஷா என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு மிச்சமிருப்பதும் அந்த ஒருவர்தான்.

"நாளைக்கே போய் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன், அவன் சொன்னதுதான் சரின்னு."

"எல்லார்கிட்டயும் நீங்க சொல்லிடுவீங்க. அவன்கிட்ட யாரு சொல்றது?" என்றேன்.