எந்தப் பெட்டி வந்தாலும் 'வேண்டாம்'

காலையில் வந்த முதல் மெயிலில் இருந்த லிங்க்கை அவள் சொடுக்கினாள். பழைய பிரவுசர் ஆடி அசைந்து திறந்தது. புகார்ப் படிவத்தின் மேல்பாதி மட்டும் வந்தது. கீழே இருக்க வேண்டிய 'அனுப்பு' பட்டனைக் காணோம். அதை மூடிவிட்டு, லிங்க்கை நகலெடுத்து, புது பிரவுசரைத் திறந்து ஒட்டப் போனாள்.

மின்விசிறிக் கம்பெனிக்கு வரும் புகார்களைப் பதிவு செய்யும் அந்த அறையில் எட்டுப் பெண்களும் இப்படித்தான் செய்தார்கள். திற, மூடு, நகலெடு, ஒட்டு. ஆளுக்கு ஒரு நாளைக்கு இருநூறு புகார். அவளுடைய வலது மணிக்கட்டில் பத்து நாளாகத் துணிப் பட்டை. அந்த வாரம் மூன்று நாள் நூற்றெழுபதைத் தாண்டவில்லை. "இன்னிக்கும் இருநூறு தொடலைன்னா நாளைக்கு வர வேண்டாம்மா" என்று சூப்பர்வைசர் வாசலிலேயே சொல்லிவிட்டார். வீட்டில் கணவன் காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தான். இவள் சம்பளம்தான் வீடு.

புது பிரவுசர் திறந்ததும் தினமும் வரும் பெட்டி வந்தது. 'லிங்க்குகளைத் திறக்க எப்போதும் இந்த பிரவுசரையே வைத்துக்கொள்ளலாமா?' கீழே இரண்டு பட்டன்கள். மூன்று வருடமாக அதைப் படித்ததே இல்லை. சேர்ந்த அன்றே சொல்லிக் கொடுத்தவர், "எந்தப் பெட்டி வந்து என்ன கேட்டாலும் 'வேண்டாம்'னு அமுக்குங்க. மெஷினுக்கு ஏதாவது ஆச்சுன்னா உங்க தலையில" என்றிருந்தார்.

இன்று விரல் அமுக்கவில்லை. வலி சுண்டி இழுத்தது. படித்தாள்.

"அக்கா, இது நமக்கு வேணுங்கறதத்தானே கேக்குது?"

பக்கத்து நாற்காலியில் இருந்தவளுக்கு ரேடியோ அக்கா என்று பெயர். வாய் மூடாது. "தொட்டுத் தொலைக்காதே புள்ள. இன்னிக்கு உன் ஜாதகமே சரியில்ல."

"இதுக்கு மேல என்ன போயிடப் போகுதுக்கா?"

'சரி'யை அமுக்கினாள். செட்டிங்ஸ் திறந்தது. பிரவுசர் என்ற இடத்தில் பழையதன் பெயர் இருந்தது. அதைத் தொட்டதும் பட்டியல் விரிந்தது, புதியதைத் தேர்ந்தெடுத்தாள். உடனே இன்னொரு பெட்டி குதித்தது: 'மாற்றுவதற்கு முன் பழையதையே ஒருமுறை பயன்படுத்திப் பாருங்களேன்.'

ரேடியோ அக்கா எட்டிப் பார்த்துச் சிரித்தாள். "எங்க வீட்டு ஆளு மாதிரியே கெஞ்சுதுடி. மனசு இளகிடாதே."

"மூணு வருஷம் பாத்தாச்சு" என்று மாற்றிவிட்டாள்.

மெயிலுக்குப் போய் லிங்க்கைச் சொடுக்கினாள். ஒரே சொடுக்கு. புது பிரவுசரில் முழுப் படிவமும் வந்தது. அடியில் பச்சையாய் 'அனுப்பு'. இன்னொன்று. அதுவும் வந்தது.

"அடிப் பாவி!" ரேடியோ அக்கா போட்ட சத்தத்தில் வரிசையே எழுந்து வந்தது. அரைமணி நேரத்தில் எட்டு மெஷினிலும் மாற்றியாகிவிட்டது. "மூணு வருஷமா நம்மளக் கேட்டுக்கிட்டே இருந்திருக்கே, நாமதான் மூஞ்சில அடிச்ச மாதிரி வேண்டாம் வேண்டாம்னிருக்கோம்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் ஒருத்தி.

மூன்றரை மணிக்கு அவள் இருநூறாவது புகாரை அனுப்பினாள். கையை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்தாள். அந்த நாற்காலியில் அவள் சும்மா உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

சூப்பர்வைசர் உள்ளே வந்து திரைகளைப் பார்த்தார். "என்ன, எல்லாரும் கை கட்டிக்கிட்டு?"

விஷயத்தைச் சொன்னாள். அவர் திட்டவில்லை.

"எட்டு பேருக்குமே முடிஞ்சிருச்சா?"

"எட்டு பேருக்கும் சார். நான் நாளைக்கு வரலாம்ல சார்?"

"நீ வராம? கெட்டிக்காரிம்மா நீ." செல்போனைக் காதில் வைத்தபடியே சிரித்த முகமாய் மேனேஜர் அறைப் பக்கம் நடந்தார்.

வீட்டுக்குள் நுழைந்ததும், சூப்பர்வைசர் சொன்னதைக் காலையிலேயே போனில் கேட்டிருந்த கணவன் அவள் முகத்தைத்தான் பார்த்தான்.

"வேலை இருக்கு" என்றாள். அவன் கண்ணை மூடித் திறந்தான். இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்தார்கள்.

மறுநாள் காலை அறையில் எட்டு கம்ப்யூட்டர்கள் இருந்தன. ஆறு நாற்காலிகள்தான் இருந்தன. அவளுடையது இருந்தது. அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டு உட்கார்ந்தாள். ரேடியோ அக்காவும் உட்கார்ந்திருந்தாள், வாய் திறக்காமல். கடைசி இரண்டு இடங்களில் உட்காரும் பெண்கள் தோள்பையை இறக்காமல் சுவரோரம் நின்று, நாற்காலி இல்லாத தங்கள் மேஜைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் லிங்க்கைச் சொடுக்கினாள். படிவம் உடனே திறந்தது.