என் தலையில் இருந்த பாடைச்சுழி

மீனாட்சிபுரத்தில் நான் பண்ணையாளாக இருந்த பண்ணாடி குப்பண்ணனுக்கு நான் தர வேண்டியிருந்தது ஆயிரத்து எழுநூற்றுப் பன்னிரண்டு ரூபாய். எழுபத்தொன்பதில் என் மூளையைச் சுற்றிய சவ்வில் பூஞ்சை பிடித்தபோது, மதராஸில் புதிதாக வந்திருந்த எந்திரத்தில் தலையைப் படமெடுக்க அவர் கொடுத்த பணம்.

"மூளைக்குள்ள நீர் தங்குற அறை கொஞ்சம் வீங்கியிருக்கு. ஊசியை முழுசாப் போட்டு, மூணு மாசம் கழிச்சு இன்னொரு படம் பார்த்தாத்தான் பிழைப்பீங்களான்னு சொல்ல முடியும்" என்றார் டாக்டர்.

ஊசிச் செலவுக்கு எனக்கிருந்தது ஒரே கறவை மாடு. ஊர் திரும்பியதும் பண்ணாடி படத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

"என்ற பணத்துல எடுத்தது, என்ற படம். நீ செத்துப்போனா நான் ஆருகிட்ட வாங்கறது? பொழைப்பயான்னு சொல்லு. இல்லாட்டி மாட்டை ஓட்டியாந்து கட்டு."

"டாக்டருக்கே தெரியலீங்க."

"மாரப்பனுக்குத் தெரியும்."

மாரப்பன் மாட்டுத் தரகர். தோலில் முடி சுழித்திருப்பதைப் பார்த்தே, வாங்குகிறவன் வாழ்வானா கெடுவானா என்று சொல்வார். வந்ததும் என் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்.

"பல்லு கெட்டி. பத்து வருசம் உழுவான்."

பண்ணாடிக்கு முகம் மலர்ந்தது. மாரப்பன் படத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தார். வீங்கிய அறையைத் தொட்ட விரல் அங்கேயே நின்றுவிட்டது.

"ரெண்டு கழி நீட்டுன மாதிரி இருக்குதுங்க. பாடைச்சுழி."

"அப்ப இவன் செத்துருவானா?"

"ஏனுங்க, பாடைச்சுழி மாட்டைக் கொன்னு எங்கீங்க பாத்தீங்க? அது வெச்சிருக்கறவனைத்தானுங்க தூக்கும். இது ஆரோட உடமைங்க?"

பண்ணாடி படத்தை என் மடியில் எறிந்தார். "அவன்துதான்! அவன் கழுத்துமேலதான இருக்குது!"

"கடன் நிக்கற வரைக்கும் உங்களதுதானுங்க. அவனுக்கே வித்துத் தள்ளீருங்க."

சந்தை வழக்கப்படி துண்டுக்கடியில் என் விரல்களை எண்ணிப் பிடித்துப் பண்ணாடி என் தலைக்கு விலை சொன்னார். அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அது உள்ளே போனால் மாலைவரை குளிர் உதறும். என் கை ஆடிய ஆட்டத்தில் அவர் பிடித்த விரல் ஒவ்வொன்றும் நழுவியது. நான் மறுக்கிறேன் என்று நினைத்து விலையை இறக்கிக்கொண்டே வந்தார்.

"கட்டுப்படியாகாதுங்கறான்" என்றார் மாரப்பன்.

கடைசியில் துண்டுக்குள் பிடிக்க விரல் மிச்சமில்லை. பண்ணாடி எழுந்து போய்ப் பெட்டியிலிருந்த கடன் பத்திரத்தை எடுத்துவந்து என் கண்முன்னே கிழித்தார்.

"சும்மாவே வெச்சுக்க. கடனுமில்ல, ஒண்ணுமில்ல. அந்தத் தலையை எடுத்துக்கிட்டு மொதல்ல வெளிய போ."